லேப்டாப் திரை உடைந்தால்: சரிசெய்வதா, மாற்றுவதா, விட்டுவிடுவதா?

“டிஸ்ப்ளே போச்சு” என்று பழுதுபார்க்க வருகிற லேப்டாப்புகள் எல்லாவற்றிலும் போயிருப்பது டிஸ்ப்ளே அல்ல. ஒன்றில் கேபிள் தளர்ந்திருக்கும். ஒன்றில் பின்னால் எரிய வேண்டிய விளக்கு மட்டும் எரியாது. இன்னொன்றில் மதர்போர்டில் இருக்கும் சின்ன ஃபியூஸ் போயிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுதான், கறுப்புத் திரை. செலவோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

அதனால் சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உண்மையில் எது கெட்டிருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு டார்ச், ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள், பக்கத்தில் ஒரு டிவியோ மானிட்டரோ இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்

விரிசல் விழுந்த திரை இன்று பாதி தெரியும், நாளைக்கு முழுக்கக் கறுத்துப்போகலாம். கோடு விழுந்த திரையும் அப்படித்தான், ஒரு கோடு நான்காவதற்கு முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. கண்ணுக்கு ஏதாவது தெரியும்போதே முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கோ கிளவுடுக்கோ நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். வெறும் திரையை மாற்றினால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்காது. ஆனால் பழுதுபார்க்கும்போது மதர்போர்டையும் மாற்ற வேண்டிவந்தால் கேட்கும், அப்போது சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது அவ்வளவுதான்.

ஒன்றுமே தெரியவில்லை என்றால் டிவியில் இணைத்துப் பாருங்கள். படம் தானாக வரவில்லையென்றால் விண்டோஸ் விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்தினால் எந்தத் திரையில் காட்டுவது என்ற தேர்வு வரும். அதற்கும் வழியில்லாதபோது, எஸ்எஸ்டி கழற்றக்கூடியதாக இருந்தால், அதை யுஎஸ்பி உறையில் போட்டு வேறொரு கணினியில் திறக்கலாம். சில மெல்லிய மாடல்களில் சேமிப்பகத்தை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே இது நடக்காது.

மேல் கண்ணாடி நொறுங்கியிருந்தால் அதன்மேல் அகலமான செலோ டேப்பை ஒட்டிவிடுங்கள். சில்லு கையில் ஏறாமல் இருக்கும்.

எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

வெளி மானிட்டரில் இணைத்ததும் படம் சுத்தமாக வருகிறதா? அப்படியானால் கிராஃபிக்ஸ் சிப் நன்றாக இருக்கிறது. சிக்கல் பேனலிலோ (படம் காட்டும் தகடு), பேனலுக்குப் போகும் கேபிளிலோ, பேக்லைட்டுக்கு (பின்விளக்கு) மின்சாரம் கொடுக்கிற சுற்றிலோ இருக்கிறது. அதே கோடும் அதே நிறக்கலவரமும் வெளி மானிட்டரிலும் வந்தால் புதுத் திரை வாங்கியும் பயனில்லை, கோளாறு டிரைவரிலோ (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) கிராஃபிக்ஸ் சிப்பிலோ இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுதொடக்கமாகும். அதிலேயே சரியாகிவிட்டால் செலவே இல்லை.

வெளி மானிட்டர் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி: கோடு தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்தில் கோடு இல்லையென்றால் கோளாறு திரைப்பக்கம். படத்திலும் கோடு இருந்தால் கோளாறு கணினிப்பக்கம். கணினியை ஆன் செய்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குள் போய்ப் பார்ப்பதும் நல்லது. விண்டோஸ் இன்னும் எழாத அந்தக் கட்டத்திலும் கோடு இருந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது. டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: டி (D) விசையை அழுத்தியபடியே பவர் பட்டனை அழுத்தினால், பெரும்பாலான மாடல்களில், திரை தானாகவே ஒவ்வொரு நிறமாகக் காட்டித் தன்னைச் சோதித்துக்கொள்ளும்.

அடுத்தது டார்ச் சோதனை. லேப்டாப்பை ஆன் செய்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் வெளிச்சம் கண்ணிலேயே திரும்பி விழும், ஒன்றும் தெரியாது. சாய்த்து மெதுவாக நகர்த்தும்போது, கறுப்புக்குள்ளே ஐகான்களோ கடவுச்சொல் கேட்கும் பெட்டியோ சாம்பல் நிழலாகத் தெரிந்தால், பேனல் படம் வரைந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை. இது பேக்லைட் கோளாறு. கேபிள், ஃபியூஸ், அல்லது பேனலுக்குள் இருக்கும் எல்இடி பட்டை, இம்மூன்றில் ஒன்று. முதல் இரண்டாக இருந்தால் பேனலை மாற்ற வேண்டியதில்லை. ஓஎல்இடி திரைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அவற்றில் பின்விளக்கு என்று ஒன்று தனியாகக் கிடையாது.

கடைசியாக மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படம் வருவதும் இன்னொரு கோணத்தில் மினுங்கி மறைவதுமாக இருந்தால் பேனலைச் சந்தேகப்படுவதற்கு முன் கேபிளைச் சந்தேகியுங்கள். திரைக்கான கேபிள் ஹிஞ்ச் (மூடியைத் தாங்கும் கீல்) வழியாகத்தான் வளைந்து போகிறது. தினமும் மூடித் திறப்பதில் அந்த வளைவில்தான் அது நைந்துபோகும். பெரும்பாலான மாடல்களில் கேபிளை மட்டும் தனியாக வாங்கிப் போடலாம், பேனலோடு ஒப்பிட்டால் விலை சொற்பம்.

எல்லா மாடலுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2016-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இப்படித்தான் கேபிள் தேய்ந்து, திரையின் கீழ் விளிம்பில் மேடை விளக்குப் போலத் திட்டுத்திட்டாக வெளிச்சம் விழுந்தது, அப்புறம் பேக்லைட்டே அணைந்தது. கேபிள் திரையோடு சேர்ந்த பாகமாக இருந்ததால் முழு டிஸ்ப்ளேவையும் மாற்ற வேண்டியிருந்தது. 2019 மே மாதம் ஆப்பிளே இதற்கு இலவசச் சேவைத் திட்டம் அறிவித்தது. ஒரு செலவை ஒத்துக்கொள்வதற்கு முன், உங்கள் மாடலுக்கு இப்படி ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் சிரிப்பு வரும். மூடி மூடப்பட்டதா என்பதை லேப்டாப் ஒரு காந்த உணரியை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. காந்தக் கொக்கி உள்ள கைவளையம் கட்டிக்கொண்டு டைப் செய்தாலோ, காந்தம் உள்ள போன் உறையை விசைப்பலகை ஓரத்தில் வைத்தாலோ திரை அணைந்துபோகலாம். முதலில் மேசையைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள்.

பழுதைப் பார்த்து முடிவெடுப்பது

லேப்டாப் திரையில் ‘ரிப்பேர்’ என்று சொல்வது பெரும்பாலும் ஏதோ ஒரு பாகத்தை மாற்றுவதுதான். பேனலுக்குள் இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளும் நடுவில் திரவப் படிகமும் இருக்கின்றன. ஒரு தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவோதான். அது விரிந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பசை கிடையாது. விரிசலிலிருந்து இங்க் கொட்டினாற்போல ஒரு கறை பரவியிருந்தால் பேனல் மாற்றம் தவிர வேறு வழியில்லை. பற்பசை தடவு, பேபி ஆயில் தடவு என்று வருகிற வீடியோக்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மேலிருந்து கீழாக ஒரு கோடு, எந்த நிறமானாலும், எந்தக் கோணத்திலும் அசையாமல் நிற்கிறதா? பேனலின் விளிம்பில் டிரைவர் சிப்பிலிருந்து கண்ணாடிக்குப் போகும் இணைப்பு விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் சில நேரம் கோடு மறைந்து, எடுத்ததும் திரும்ப வரும். மறுபடி ஒட்டுவதற்கான இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் லேப்டாப் பேனலுக்கு அந்தச் செலவும் அது நீடிக்குமா என்ற சந்தேகமும் சேர்ந்தால் புதுப் பேனலே மேல். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் ஒரே ஒரு கோடு என்றால், பேக்கப் இருக்கும்வரை, அப்படியே ஓட்டலாம் என்பது என் கருத்து.

ஒரு புள்ளி மட்டும் கறுத்திருந்தாலோ ஒரே நிறத்தில் சிக்கியிருந்தாலோ பணம் செலவழிப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். வாரண்டியில் மாற்றித் தருவார்களா என்றால், ஒன்றிரண்டு புள்ளிகளைப் பெரும்பாலும் குறையாகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஐஎஸ்ஓ 9241-307 தரநிலையிலேயே இதற்கு வகுப்புகள் இருக்கின்றன, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பழுதான புள்ளிகளை அவை அனுமதிக்கின்றன. வெளுத்த திட்டுகள் வேறு கதை. பையில் அழுத்தம் பட்டு, பின்னால் இருக்கும் ஒளி பரப்பும் தாள்கள் கசங்கியதால் வருபவை அவை. தானாகச் சரியாகாது, பெரிதாகாமலும் இருக்கலாம்.

தண்ணீர் அல்லது காபி உள்ளே போன திரையில் ஓரத்திலிருந்து மேகம் போல ஈரத்தடம் தெரியும். அது காய்ந்தாலும் தடம் நிற்கும். தடத்தைவிட, அதே திரவம் கீழே விசைப்பலகை வழியாக மதர்போர்டுக்கும் போயிருக்கிறதா என்பதுதான் முக்கியம். போர்டைத் திறந்து பார்க்காமல் புதுத் திரைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

டச் ஸ்கிரீன் என்றால் மேல் கண்ணாடியையும் படத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மேல் கண்ணாடி நொறுங்கியிருக்க, படம் சுத்தமாகத் தெரிகிறது என்றால் உடைந்தது வெளிக்கண்ணாடி மட்டுமாக இருக்கலாம். பழைய சில மாடல்களில் அதைத் தனியாக மாற்றலாம். இப்போது வருபவற்றில் கண்ணாடியும் பேனலும் ஒன்றோடொன்று ஒட்டியே வருவதால் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஹிஞ்ச்சைப் பார்க்காமல் திரையை மாற்றாதீர்கள்

எங்கும் இடிக்கவில்லை, கீழே விழவில்லை, திறக்கும்போதே ‘டிக்’ என்று சத்தம் கேட்டு ஓரத்தில் விரிந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஹிஞ்ச்சின் உராய்வு நாளடைவில் இறுகிவிடும். உலோக ஹிஞ்ச் அசைய மறுக்கும், அதைப் பிடித்திருப்பதோ பிளாஸ்டிக்கில் பதித்த சின்ன பித்தளை நட்டுகள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த விசை முழுவதும் பிளாஸ்டிக் மேலும், பிறகு பேனலின் கீழ் மூலை மேலும் விழுகிறது. பிளாஸ்டிக் பிளந்துவிட்டால் மூலையில் உறையும் சட்டமும் வாய் பிளந்தாற்போல் விலகி நிற்கும். அடுத்து உடைவது பேனல்.

இந்த நிலையில் பேனலை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே மூலையில் மறுபடி விரிசல் வரும். மாற்றித் தந்தவரிடம் கேட்டால் “நீங்கள்தான் அழுத்தியிருக்கிறீர்கள்” என்பார், அதில் அவரையும் குறை சொல்ல முடியாது. உறை பிளந்திருந்தால் பின்மூடி அல்லது அடித்தட்டு, ஹிஞ்ச், பேனல் மூன்றுக்கும் சேர்த்து விலை கேளுங்கள். எபாக்ஸி வைத்து நட்டை மறுபடி பதிக்கலாம், ஆனால் ஹிஞ்ச்சின் இறுக்கத்தையும் தளர்த்தினால்தான் அது நிற்கும். முடிவை மாற்றிவிடக்கூடியது பெரும்பாலும் இந்தக் கூட்டுத் தொகைதான்.

கணக்குப் போடும் இடம்

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அதே மாடல், நல்ல நிலையில், இன்று செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். மொத்தப் பழுதுச் செலவு அதில் பாதிக்குக் கீழே இருந்தால் சரிசெய்துவிடலாம். பாதியைத் தாண்டினால் லேப்டாப்பின் மற்ற பாகங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ‘மற்ற பாகங்கள்’ என்பதில் நான் முதலில் பார்ப்பது மென்பொருள் ஆயுளை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். உங்கள் லேப்டாப் அந்தத் தகுதிக்குக் கீழே இருக்கிறது, லினக்ஸுக்கு மாறவும் விருப்பமில்லை என்றால், அதற்குப் புதுத் திரை போடுவது வீண். குரோம்புக்கில் புதுப்பிப்பு முடியும் தேதி அமைப்புகளிலேயே இருக்கும், அதைப் பாருங்கள். அடுத்து பேட்டரி. அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லையென்றால் அதன் விலையையும் இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள். ராம் போர்டில் பற்றவைத்ததா, அளவு 4 ஜிபியா? அப்படியானால் திரை சரியானாலும் இன்னும் ஒரு வருடத்தில் வேறு காரணத்துக்காக அதை மாற்றத்தான் போகிறீர்கள்.

மாறாக, 16 ஜிபி ராம், நல்ல பிராசசர், உடைந்தது சாதாரண ஃபுல் ஹெச்டி பேனல் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள். சாதாரண 15.6 அங்குல, 14 அங்குல பேனல்கள் பல மாடல்களுக்குப் பொதுவானவை, எளிதாகக் கிடைக்கும். 4கே, ஓஎல்இடி, மேக்புக் திரைகள் அப்படியல்ல. பணம் பெரிதாகப் போவது அங்கேதான்.

வாரண்டி இருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். உடைந்தது, நனைந்தது சாதாரண வாரண்டியில் வராது, விபத்துக் காப்பு தனியாக வாங்கியிருந்தால் வரும். எந்த அடியும் படாமல் கோடு விழுந்திருந்தால் சாதாரண வாரண்டியிலேயே கேட்கலாம், அதற்கு முன் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாதீர்கள்.

சரியான பேனலைக் கண்டுபிடிப்பது

லேப்டாப் மாடல் பெயரை மட்டும் வைத்துப் பேனல் வாங்கினால் தவறாகப் போக வாய்ப்பு அதிகம். ஒரே மாடலில் இரண்டு மூன்று விதமான திரைகளைப் போட்டு விற்கிறார்கள். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிற எண்தான் உண்மை. என்வி156எஃப்எச்எம் (NV156FHM) என்று தொடங்கினால் அது பிஓஇ (BOE) நிறுவனம் தயாரித்த பேனல், நடுவில் வரும் 156 என்பது 15.6 அங்குலம். அந்த எண்ணின் வாலில் வரும் எழுத்துகளையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே எண் கிடைக்காவிட்டால் ஒத்துப்போக வேண்டியவை: ரெசல்யூஷன், இணைப்பானில் இருப்பது 30 பின்னா (ஊசிமுனை) 40 பின்னா, அது எந்த ஓரத்தில் இருக்கிறது, ஸ்குரூ மாட்டும் காதுகள் மேலும் கீழுமா, பக்கத்திலா, அல்லது இல்லவே இல்லையா. சாதாரண 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டி பேனல்கள் பெரும்பாலும் 30 பின், அதிக ரிஃப்ரெஷ் ரேட் உள்ளவையும் சில டச் பேனல்களும் 40 பின். அகலத்திலும் ஏமாற வாய்ப்புண்டு. 15.6 அங்குலத்திலேயே சுமார் 350 மில்லிமீட்டர் அகலமும் சுமார் 360 மில்லிமீட்டர் அகலமுமாக இரண்டு வகைகள் இருக்கின்றன, பெரியது சின்னதின் இடத்தில் உட்காராது.

தரத்தைக் கேட்டு வாங்குங்கள். பழையது ஐபிஎஸ் (IPS) வகை என்றால் புதியதும் ஐபிஎஸ்ஸாக இருக்கட்டும், டிஎன் (TN) வகைப் பேனலைப் போட்டுவிட்டால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் கெட்டுத் தெரியும். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதைச் சொல்லும் அளவு என்டிஎஸ்சி (NTSC): 45% என்று போட்டிருந்தால் நிறங்கள் வெளிறியிருக்கும், 72% என்றால் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வழக்கமான நிறத் தரத்துக்கு ஏறக்குறைய ஈடு. திரையை மாற்றுகிற சாக்கில் மங்கலான பேனலிலிருந்து நல்ல பேனலுக்கு மாறிவிட முடியும். இந்த விபத்தில் கிடைக்கிற ஒரே லாபம் அதுதான்.

நாமே மாற்றலாமா?

சாதாரண பிளாஸ்டிக் சட்டம் உள்ள லேப்டாப் என்றால் பொறுமை உள்ள யாரும் மாற்றலாம். கண்ணாடி முழுக்க ஒட்டிய திரை, மேக்புக், டச் மாடல்கள் ஆகியவற்றைத் தெரிந்தவர்களிடம் விடுவதே நல்லது.

செய்வதானால் ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது: திரைக் கேபிளைத் தொடுவதற்கு முன் அடித்தட்டைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். லேப்டாப் அணைந்திருப்பது போதாது. அந்தக் குட்டி இணைப்பானில் பேக்லைட்டுக்கான சுமார் 12 முதல் 20 வோல்ட் வரும் பின்கள் ஒரு பக்கம், ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னல் போகும் பின்கள் இன்னொரு பக்கம். கேபிளைச் சாய்வாக இழுத்து இரண்டும் உரசிவிட்டால் போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸ் போகும், மோசமானால் சிப்பே போகும். அப்புறம் புதுப் பேனலும் இருட்டாகவே எழும், கடைக்காரர் தவறான பேனலைக் கொடுத்துவிட்டார் என்று சண்டை நடக்கும்.

சட்டத்தை உலோகக் கருவியால் நெம்ப வேண்டாம், பிளாஸ்டிக் அட்டை போதும். பேனலை முன்னால் சாய்த்து விசைப்பலகை மேல் ஒரு துணி விரித்துப் படுக்கவையுங்கள். ஸ்குரூ எதுவும் கண்ணில் படவில்லையென்றால் பேனலுக்கு அடியில் இழுவை நாடா ஒட்டியிருக்கும். அதன் நுனியைப் பிடித்து, பேனலோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போலத் தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுத்தால் நீண்டு வெளியே வரும், அவசரப்பட்டால் அறுந்து உள்ளேயே நிற்கும். இணைப்பானில் உலோகக் கம்பிப் பூட்டு இருந்தால் முதலில் அதைத் தூக்க வேண்டும், பிறகுதான் கேபிள். புதுப் பேனலை இணைத்ததும், பாதுகாப்புத் தாளை உரிப்பதற்கும் சட்டத்தை மூடுவதற்கும் முன்பே ஆன் செய்து பாருங்கள். தாளை உரித்த பேனலைப் பலர் திரும்ப வாங்க மாட்டார்கள்.

கடையில் கொடுத்தால்

பேனல் புதியதா, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதா, எத்தனை நாள் வாரண்டி என்று மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றியது என்றாலும் தவறில்லை, விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, திரை வேலை செய்கிறதா என்று பார்க்க லாகின் பக்கமே போதும்.

திரும்ப வாங்கும்போது அங்கேயே நின்று வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை முழுத்திரையில் காட்டிப் பாருங்கள். வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து, பிறகு முழுக்க ஏற்றுங்கள். மூடியை மூடித் திறந்து பாருங்கள். அப்புறம் கேமரா, மைக், வைஃபை மூன்றையும் சோதியுங்கள். திரை மாற்றும்போது பலரும் கவனிக்காமல் விடுவது இந்த மூன்றைத்தான், ஏனென்றால் அவற்றின் கம்பிகளும் திரையைச் சுற்றியே ஓடுகின்றன.

மாற்ற வேண்டாம் என்று முடிவானால்

லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய மானிட்டர் ஒன்றை இணைத்து மேசைக் கணினியாக ஓட்டலாம், ஃபைல் சேமிக்கும் வீட்டு சர்வராக்கலாம். அப்படி வைக்கும்போது, மூடியை மூடினால் ‘ஒன்றும் செய்யாதே’ என்று பவர் அமைப்பில் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூடியதும் தூங்கிவிடும். உடைந்த மூடியை முழுவதும் கழற்றிவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலான லேப்டாப்புகளில் வைஃபை ஆன்டெனா அந்த மூடிக்குள்தான் இருக்கிறது. கழற்றினால் ஆன்டெனாவை மட்டும் எடுத்து வெளியே பொருத்துங்கள், அல்லது யுஎஸ்பி வைஃபை குச்சி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

விற்பதானால் உடைந்த நிலையிலேயே பாகங்களுக்காக விற்கலாம். மதர்போர்டும் ராமும் விசைப்பலகையும் நன்றாக இருக்கிற லேப்டாப்பைத் தேடுகிற ஆட்கள் உண்டு. எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், கழற்ற முடியாத வகையென்றால் வெளி மானிட்டரில் இணைத்து முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.